திரும்பாத ஆக்ஸிலேட்டர்

முறுக்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் புகார். கையை எடுத்தால் ஆக்ஸிலேட்டர் தானாகத் திரும்ப வேண்டும். மெக்கானிக்கின் அக்கா கணவர் ஓட்டும் வண்டியில் அது திரும்புவதில்லையாம். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவருக்கு. போன வாரம் ஒரு கிடங்கின் இரும்புக் கதவில் மோதித்தான் நின்றிருக்கிறார். இன்னொரு முறை எதிலாவது இடித்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மெக்கானிக் தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டான். ரப்பர் பிடி ஓரத்தில் உரசுகிறதோ என்று அதைச் சற்று உள்ளே தள்ளி மாட்டினான். பலன் இல்லை. ஹேண்டிலைத் திருப்பும்போது கேபிள் டாங்குக்கு அடியில் நசுங்கலாம் என்று புதுக் கேபிள் போட்டு, அது போகும் வழியையும் மாற்றினான். அதற்குப் பிறகும் மாமா அதே புகாரோடு திரும்பி வந்தார். நேற்று பிடியையே கழற்றி, உள்ளே அடைந்திருந்த மண்ணையும் பழைய கிரீஸையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினான். முறுக்கி விட்டால் 'டப்'பென்று திரும்பியது. தெருமுனைவரை ஓட்டியும் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. இன்று காலை கடை திறக்கும்போதே மாமா வாசலில் நின்றார்.

"உனக்கு வேலை தெரியலன்னு சொல்லிடு மாப்ள. நான் வேற கடை பாத்துக்கறேன்."

"தாராளமா போங்க மாமா. அங்க காசு கேப்பாங்க."

இருவரும் சிரித்தார்கள். ஓட்டும்போது கூடவே இருந்து கண்ணால் பார்த்தால்தான் ஆகும் என்று மெக்கானிக் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

நல்ல குளிர். சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. திருப்பம் வந்தது, வேகம் குறையவில்லை. மாமா இடது கையை நீட்டிச் சாவியைத் திருகி அணைத்தார். அந்த அசைவில் பழக்கம் தெரிந்தது. வண்டி உருண்டுபோய் ஒரு மதிலோரம் நின்றது.

மெக்கானிக் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். வலது கை இன்னும் பிடியின் மேல் இருந்தது. கையை விடச் சொன்னான். விட்டுவிட்டேனே என்றார் மாமா. விடவில்லை. விரல் முட்டிகள் வெளுத்துக் கிடந்தன. தொட்டுப் பார்த்தால் கட்டை மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சுண்டுவிரல் பிரிந்தது, பிறகு மற்றவை மெல்ல மெல்ல. கட்டைவிரலும் விலகியதும் ஆக்ஸிலேட்டர் 'டப்'பென்று திரும்பியது.

இருவருக்கும் ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மாமாவின் அண்ணன். அக்கா கல்யாணத்தில் மெக்கானிக்கின் கையைக் குலுக்கியவர் விடவே இல்லை. சம்பந்தி வீட்டுப் பாசம் பிடி தளராது என்று எல்லோரும் கேலி பேசினார்கள். அப்புறம் அவரால் டம்ளரைக் கீழே வைக்க முடியவில்லை, மாடி ஏற முடியவில்லை, கடைசியில் படுக்கையாகிப் போய்ச் சேர்ந்தார். ரத்தத்தில் வருவது, தம்பியும் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். மாமா போகவில்லை.

"வண்டியில ஒண்ணும் இல்ல மாமா."

மாமா டாங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "கார்புரேட்டரை மாத்திப் பாரு."

"மாத்தி என்ன ஆகப்போகுது? அக்காகிட்ட நான் பேசறேன். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுவோம்."

"வண்டியிலதான் கோளாறு, மாப்ள." குரல் இறங்கிப் போயிருந்தது. "பாப்பா பென்சிலைக் கீழ வைக்க மாட்டேங்குறா. எழுதி முடிச்சப்புறமும் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கா. விளையாடுறான்னு உங்கக்கா அதட்டுறா."

இருவரும் வண்டியைக் கடைவரை தள்ளிக்கொண்டே வந்தார்கள். வந்ததும் அவன் பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, நன்றாக இருந்த கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்தான்.