பின்சீட்டில் பாவாயி

முன்னால் போன ஸ்கூட்டர் சட்டென்று இடதுபக்கம் திரும்பியது. சின்னுசாமி மொபெட்டின் கைப்பிடியை முறுக்கினார். குறுக்கே வந்த பால் வண்டியை உரசாத குறையாக வளைந்து போனார். அறுபதடி முன்னால் மஞ்சள் துப்பட்டா. அதைத் தவறவிடக் கூடாது.

"ஏனுங்க, பெத்த புள்ளைய இப்பிடியா தொரத்துவாங்க?" என்றாள் பின்சீட்டில் இருந்த பாவாயி.

"சும்மா இரு. சந்துல நொழையறா பாரு."

மனைவி பாவாயி இறந்து நாலு வருடம் ஆகிறது. ஆனாலும் ஏற்காடு மலையிலிருந்து மேகம் இறங்கி, அஸ்தம்பட்டியே கழுநீராட்டம் வெளுத்துக் கிடக்கும் மத்தியானங்களில் அவள் வண்டியில் ஏறிக்கொள்வாள். கனம் இருக்காது. தோளில் வைத்த கையின் சூடு மட்டும் தெரியும். திரும்பிப் பார்த்தால் இறங்கிவிடுவாள் என்பதால் சின்னுசாமி திரும்புவதே இல்லை.

முப்பது வருடம் அவர் உளவாளி. ஊருக்கு மட்டும் கௌஹாத்தியில் லாரி புக்கிங் ஆபீஸ் மேனேஜர். நாமக்கல் சீமைக்காரன் அப்படிச் சொன்னால் எவனும் மறுகேள்வி கேட்பதில்லை. ஓய்வுபெற்ற பிறகுதான் மகள் தேவிப்ரியாவுக்கே உண்மை தெரியும். தெரிந்தும் ஒன்று ஆறவில்லை அவளுக்கு. கொரோனாவில் அம்மா போன அன்று அப்பா வரவில்லை. ஏன் என்று கேட்டால் அந்த வாய் திறக்காது. அந்த வாரத்தைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு.

மாப்பிள்ளை சிவபிரகாஷ்தான் பிடிவாதமாக மாமனாரை அழைத்துவந்து மாடியறையில் வைத்தார். ஆறு மாதமாகச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. நேற்று வந்தது.

"ஞாயித்துக்கெழம குமாரபாளையத்து ஊட்டுக்கே போயிருங்க. உங்களப் பாக்கறப்பல்லாம் எனக்கு ஆத்திரமா வருது."

இன்னும் மூன்று நாள். அதற்குள் ஒன்றைத் தெரிந்துகொண்டாக வேண்டும். வியாழன்தோறும் மூன்று மணிக்கு இந்தப் பெண் எங்கே போகிறாள்? ஏன் கண் சிவந்து திரும்புகிறாள்? வேறொரு தகப்பன் என்றால் 'எங்க கண்ணு போற?' என்று கேட்டிருப்பான். சின்னுசாமிக்குக் கேட்கத் தெரியாது. பின்தொடரத்தான் தெரியும். போன மூன்று வியாழனும் பாதி வழியிலேயே தவறவிட்டிருந்தார்.

சந்தின் முடிவில் ஒரு ஆம்புலன்ஸ் ஸ்டாண்ட். தேவிப்ரியா அங்கிருந்த டிரைவர்களிடம் ஏதோ விசாரித்தாள். அவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். சின்னுசாமி எதிரே டீக்கடைத் தூண் மறைவில் ஒதுங்கினார்.

அவள் நேராக அந்தத் தூணுக்கே வந்தாள்.

"நாலு வாரமா பின்னாடியே வாரீங்க. உங்க மொபெட்டுச் சத்தம் மூணு தெருவுக்குக் கேக்குது. இத வச்சுக்கிட்டா நாட்டக் காப்பாத்துனீங்க?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். சின்னுசாமி சிரிக்கவில்லை.

"யாரத் தேடற சாமி?"

"ஒரு டிரைவர. அம்மாவக் கொண்டுட்டுப் போன வண்டி டிரைவர. தல முதல் கால் வரைக்கும் வெள்ள உடுப்பு, மொகமெல்லாம் மூடியிருந்துச்சு. ஒரு வார்த்த பேசல. நேரா சுடுகாட்டுக்குத்தான் போகோணும், எங்கயும் நிறுத்தப்படாதுன்னு ஆர்டரு. அந்தாளு காவேரிப் பாலத்துக்கு முன்னாலயே வண்டியத் திருப்பி, நம்ம ஊட்டு வாசல்ல நிறுத்துனாரு. பின்கதவத் தொறந்து வச்சாரு. அம்மா ரெண்டு நிமிசம் அவுங்க வாசலப் பாத்துட்டுப் போனாங்க. ஒறவு இல்ல, சனம் இல்ல, அவருக்கு இருந்த மனசு..."

அவள் அவரைப் பார்த்தாள்.

மேகம் சந்துக்குள் புகுந்து டீக்கடையின் பாய்லர் ஆவியோடு கலந்தது. நிறுத்தியிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. சின்னுசாமியின் தோளில் அந்தச் சூடு.

"சொல்லிப்போடுங்க" என்றாள் பாவாயி.

"அவரப் பாத்து ஒருக்கா கும்பிடோணும்" என்றாள் மகள். "ஆனா ஒண்ணு மட்டும் வெளங்கவே மாட்டீங்குது. முன்சீட்டுல நானும் அவரும்தான். வழி சொல்ற நெலமைலயா நான் இருந்தேன்? அந்தச் சந்து, அந்த ஊடு... அவருக்கு ஆரு சொன்னாங்க?"

முப்பது வருடத்தில் அவர் செய்த ஒரே பிழை அது. எதிராளிகள் இரண்டு பேர் அவர் நிழலைத் தேடி அதே பாலத்தில் நின்ற நாளில், கைகள் தாமாக அந்த வாசலுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பி, அவரையே காட்டிக்கொடுக்கப் பார்த்த பிழை.

அவர் முதல்முறையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார். மொபெட்டின் சீட்டு காலியாக, ஈரமாக இருந்தது.

"ஆரும் சொல்லல சாமி. உங்கம்மாளக் கண்ணாலம் பண்ணி அந்த வாசலுக்குக் கூட்டியாந்தவன் நாந்தான். அன்னிக்கு அந்த வண்டிய ஓட்டுனதும் நாந்தான்."