அடித்தாள்

அண்ணனின் உடலைக் கிடத்த முன்னறையில் இடம் வேண்டும். தையற்காரி தன் வெட்டுமேசையைத் தனியாகவே சுவரோரம் இழுத்துக்கொண்டிருந்தபோது, அண்ணனோடு வேலை பார்த்தவர் வந்து நின்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர், பாவம். நேற்று அண்ணன் எழுதிய தாள் எங்கே என்றுதான் கேட்டார்.

"எந்தத் தாள் தம்பி? இந்த வீட்ல அண்ணன் எழுதாத தாள் எது?"

சட்டை அளவு வரைய வைத்திருந்த பழுப்புத் தாளெல்லாம் அண்ணனின் முக்கோணங்கள்தான். முப்பது வருஷமாக அவளுக்கு அது ரோதனை. பிரபஞ்சம் பிறந்த முதல் கணத்தில் கனமான துகள் ஒன்று இருந்ததாம். தோன்றிய வேகத்திலேயே அழிந்ததாம். ஆனாலும் விண்மீன் திரள்களை மூன்று மூன்றாக எடுத்து அளந்தால், அதன் தடம் ஒரு மெல்லிய அலையாகத் தெரியுமாம். அலையின் நெளிவை வைத்து அதன் கனத்தைச் சொல்லிவிடலாமாம். அந்தத் தடம் எப்படி இருக்கும் என்பதுதான் கணக்கு. செத்துப்போனதைத் தேடுகிற நேரத்தில் குழாயைப் பழுது பார்க்கலாமே என்பாள். அண்ணன் சிரிப்பார்.

நேற்றுக் காலை போனில், "விடை வந்துடுச்சு" என்று மட்டும் இப்போது வந்து நிற்பவரிடம் அண்ணன் சொல்லியிருக்கிறார். மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

தையற்காரி மேசையை விட்டுவிட்டாள். வாந்தி பட்ட சட்டையை, மேசையில் தாளடுக்கின் மேலே கிடந்த தாளில் சுருட்டி எடுத்துப்போய், ஆஸ்பத்திரிக் குப்பையில் போட்டது அவள்தான்.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "எந்த வழியில போனாருன்னு எங்க யாருக்கும் தெரியாதுக்கா. ஆறு வருஷ வேலை."

"வாயைத் திறந்து ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போனா என்னவாம்? எல்லாம் நானே பாக்கணும். பென்சிலைக்கூடப் பதமாப் பிடிக்கத் தெரியாது. அழுத்தி அழுத்தி, அடுத்த தாளையும் பாழாக்கி..."

பேச்சு நின்றது. அடுக்கின் மேல்தாளைப் பார்த்தாள். வெறுந்தாள். நீலத் தையல் சாக்பீஸைப் படுக்க வைத்து, துணியில் தேய்ப்பதுபோல் லேசாகத் தேய்த்தாள். பள்ளத்தில் மட்டும் நீலம் ஏறவில்லை. முதலில் ஒரு முக்கோணம். பிறகு வரிவரியாகக் கணக்கு. கடைசியில் நெளிகோடு ஒன்று, அதைச் சுற்றி இரண்டு வட்டம்.

அவர் படமெடுத்தார். மறுபடியும் எடுத்தார். தாளைத் தர முடியுமா என்று தயங்கிக் கேட்டார்.

"கொண்டு போங்க. இனி இதுல எந்தச் சட்டையை வெட்டறது?"

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு அவர் எழுந்து போனார். அவள் நீலம் தேய்த்த தாளுக்கு அடியிலிருந்த இரண்டாவதை விரலால் தடவினாள். அதிலும் மெலிதாகத் தட்டுப்பட்டது. அதற்கடுத்ததிலும்.

"அக்கா, அண்ணனைக் கொண்டு வந்துட்டாங்க."

நான்காவது தாள் வழுவழுவென்றிருந்தது. அவள் விரல் மூன்றாவதற்கே திரும்பியது.