பல்பில் இருந்த புள்ளி

1

இந்தக் கதை ஒரு பஞ்சிலிருந்து வந்தது. ஒருமுறை, வேறொருவருடைய பொருளைக் கேட்காமல் திறந்து துடைத்தேன். என்ன பொருள், யாருடையது என்று சொல்லப் போவதில்லை. பஞ்சில் பழுப்பாக ஏதோ ஒட்டி வந்தது. அழுக்கு என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். அழுக்குதானா என்ற சந்தேகம் மட்டும் குப்பைக்குப் போகாமல் என்னோடு இருந்துவிட்டது.

அதைத் தூக்கி ஓர் அக்காவின் கையில் கொடுத்துவிட்டேன். கதை எழுதுவதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது.

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள்.

"பல்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கியது, மூச்சு விடுவதைப்" (வேண்டாம். மங்கி எரியும் எதைப் பார்த்தாலும் எல்லோரும் மூச்சு என்றுதான் எழுதுகிறார்கள்.)

"அக்கா நல்லவள்தான், ஆனால்" (இப்படி ஆரம்பித்தால் கதை முழுக்க அந்த 'ஆனால்' மட்டும்தான் இருக்கும்.)

"அக்காவுக்கு எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது." இது இருக்கட்டும்.

3

அக்காவுக்கு எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. குடிநீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. வீட்டில் ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, குளியலறைப் பூட்டு எல்லாமே ஒருமுறையாவது அவளிடம் குடலைக் காட்டியவை. தங்கையின் கிட்டார் பெடல்தான் மிச்சம்.

அது காலால் அழுத்தும் ஒரு பழைய இரும்புப் பெட்டி. தங்கை செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டினால் ஒலி நேராக வராது. சுழன்று சுழன்று, தண்ணீருக்கடியிலிருந்து யாரோ வாசிப்பதுபோல வரும். எப்படி என்று அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

தங்கை வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் திறந்தாள். உள்ளே பளபளப்பான ஒரு சிறு மூடி. அதற்கடியில் ஒரு குட்டி பல்பு, சுற்றிலும் நான்கு ஒளிக்கண்கள். பல்பின் வெளிச்சம் ஏறி இறங்குவதை அந்த நான்கும் பார்க்கின்றன, பார்ப்பதற்கேற்ப ஒலியை வளைக்கின்றன. அவ்வளவுதான். (இங்கே இரண்டு பத்தி இயற்பியல் எழுதியிருந்தேன். தேர்வுத்தாள் மாதிரி இருந்ததால் அடித்துவிட்டேன்.)

பல்பின் ஒரு பக்கத்தில் பழுப்பாக ஒரு கறை. ஆய்வகத்தில் பழகிய கை சும்மா இருக்குமா? பஞ்சை அசிட்டோனில் நனைத்துத் துடைத்தாள். பல்பு பளிச்சென்று ஆனது. திரும்ப மூடும்போது திருகாணிக்கடியில் ஒரு வயர் நசுங்கியதை அவள் கவனிக்கவில்லை. மின்சாரம் கொடுத்ததும் நூல் மாதிரி ஒரு புகை வந்தது. பெட்டி செத்துவிட்டது.

சாயங்காலம் தங்கை வந்து காலால் அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

"வயசாயிடுச்சு போல."

"ஆமா" என்றாள் அக்கா.*

* இந்த 'ஆமா'வை நான்கு தடவை அடித்தேன். அடித்தால் அக்கா நல்லவளாகிவிடுகிறாள், கதை நின்றுவிடுகிறது.

4

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். தங்கை அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரத்தில் அவளுடைய குழுவுக்கு முதல் பாடல் பதிவு. வாடகை அறை, சனிக்கிழமை காலை ஒன்பது மணி. பாட்டு அந்தப் பெட்டியை வைத்து உண்டானது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு "நான்தான்" என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

"நானே ஒண்ணு செஞ்சு தரேன்."

"நீயா?"

"ஒரு பல்பு, நாலு ஒளிக்கண். என்ன பெரிய விஷயம்."

"இஸ்திரிப் பெட்டிக்கும் இதையேதான் சொன்ன. இப்ப அது ஒரு பக்கம்தான் சுடுது."

அடுத்த இரண்டு வாரம் சாப்பாட்டு மேசை அக்காவுடையது. ஒளிக்கண்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. இருபது வாங்கி, ஒரு செருப்புப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக வைத்து, ஒரே வெளிச்சத்தில் மல்டிமீட்டரால் அளந்து, அளவு நெருங்கி வரும் நான்கை எடுத்தாள். பல்புக்கு மேலே கவிழ்க்கப் பவுடர் டப்பாவின் மூடி. எல்லாம் போய் உட்கார ஒரு பிஸ்கட் டின். வயர்களை ஈயம் உருக்கிப் பற்றவைத்தாள்.

"தட்டுல ஈயம் விழுந்தா யாரு திங்கிறது?" என்றாள் அம்மா.

"நான்தான் திங்கிறேன், போம்மா."

5

(இந்தப் பகுதியில் அவள் தோற்க வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தேன். அவள் தோற்கவில்லை. முதல் தடவையே பெடல் வேலை செய்தது.)

தங்கை ஒரு பாட்டு முழுக்க வாசித்துப் பார்த்தாள். அளவு பொருந்தாத சட்டையைப் பரிசாகத் தந்தவரிடம் பேசும் குரலில், "நல்லா இருக்கு" என்றாள்.

"என்ன குறை, சொல்லு."

"குறையே இல்லக்கா. அதான். பழசு நொண்டும். ஒவ்வொரு சுத்துலயும் ஒரு இடத்துல காலை இழுக்கும். அந்த இழுப்புலதான் நான் பாட ஆரம்பிப்பேன். இது நேரா நடக்குது. எங்க நுழையிறதுன்னே தெரியல."

அக்காவுக்குப் பஞ்சு ஞாபகம் வந்தது. நான்கு கண்களில் ஒன்றுக்கு மட்டும் வெளிச்சம் குறைந்தால், அது மற்ற மூன்றுக்கும் பின்தங்கித்தானே வரும்?

6

குளியலறை அலமாரியில் ஒரு நெயில் பாலிஷ் இருந்தது. பழுப்பு கலந்த சிவப்பு. அக்கா தீக்குச்சி முனையால் பல்பில் புள்ளி வைத்தாள். கேட்டாள், துடைத்தாள், இடம் மாற்றி வைத்தாள். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் குறித்தாள். அதில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

ஒன்று. உச்சியில். மாற்றம் இல்லை.
இரண்டு. பக்கவாட்டில், கடுகளவு. இருக்கிறதா, பிரமையா?
மூன்று. பெரிய புள்ளி. நொண்டவில்லை, விழுகிறது.
நான்கு. மூன்றைவிடச் சிறியது. அம்மா மிக்ஸி போட்டாள். கேட்கவில்லை.
ஐந்து, ஆறு. (எழுதவில்லை. சலித்திருப்பாள்.)
ஏழு. இழுக்கிறது!

நோட்டில் ஆச்சரியக்குறி அது ஒன்றுதான். நான் சேர்த்ததல்ல. அந்த ஒரு நிமிடம் அவள் எதை மறைக்கிறாள் என்பதையே மறந்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

7

வெள்ளிக்கிழமை மத்தியானம். தங்கை கிட்டாரை மாட்டி, காலால் அழுத்தினாள். நான்கு சுற்று கேட்டாள்.

"ஏய்... நொண்டுதுடி."

"என்னது, டியா?"

"நொண்டுதுக்கா. வேற கால்ல நொண்டுது. ஆனா நொண்டுது." சிரித்துக்கொண்டே பாட்டை முழுக்கப் பாடினாள். நுழைய வேண்டிய இடத்தில் சரியாக நுழைந்தாள். பிறகு, "உள்ள என்னதான் பண்ண?" என்று டின்னைத் திறந்து பவுடர் டப்பா மூடியைத் தூக்கினாள். அறை வெளிச்சம் உள்ளே புகுந்ததும் சுழற்சி அடங்கிவிட்டது. பல்பு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

தங்கை அதையே பார்த்தாள்.

"இது என் நெயில் பாலிஷ்."

"பாத்ரூம்ல இருந்துச்சு."

"அதில்லக்கா. பழசுலயும் நான் இதையேதான் வச்சேன். வாங்கின வாரமே திறந்து, ஒரு புள்ளி வச்சா என்ன ஆகும்னு சும்மா பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லல, டிரம்மர்கிட்டகூட." தலை நிமிர்ந்தாள். "பல்புல புள்ளி வைக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

8

முடிவுகள்.

(அ) "கணக்குப் போட்டுப் பார்த்தேன்" என்று அக்கா சொல்லலாம். தங்கை நம்பிவிடுவாள். சாட்சிக்கு நோட்டு இருக்கிறது. நாளைக்குக் குழுவில் எல்லோரிடமும், "எங்க அக்கா கணக்குப் போட்டே கண்டுபிடிச்சா" என்பாள். உண்மையைவிட இந்தப் பொய்யில் அக்கா அழகாக இருக்கிறாள். எனக்குப் பயமாக இருப்பது அதனால்தான்.

(ஆ) "துடைச்சது நான்தான்." இதற்குத் தங்கையின் பதிலை நான்கு விதமாக எழுதினேன். அழுதாள், சிரித்தாள், கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள், "தெரியும்" என்றாள். நான்குமே எனக்கு வசதியான பதில்கள்.

(இ) அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டாள். (இது கோழைத்தனம். இருந்தாலும் எழுதியதை எழுதினேன் என்று காட்ட வேண்டும் அல்லவா.)

கதையைப் படித்த தோழி, அடித்தல் திருத்தலை எல்லாம் எடுத்துவிட்டால் சுத்தமாக இருக்கும் என்றாள். எடுத்துப் பார்த்தேன். நேராக நடந்தது. திரும்பப் போட்டுவிட்டேன்.

என் பஞ்சு விஷயத்தில் நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் அதையே எடுத்து அக்காவின் வாயில் வைத்துவிடுவீர்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: தங்கை கேட்டபின் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பல்பையே பார்த்தார்கள். அது பதினோரு முறை ஏறி இறங்கியது. பன்னிரண்டாவது முறை ஏறும்போது அக்கா நோட்டை மூடினாள். தங்கையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.