அக்கா பேசிய பாடம்

பாடத்தின் ஃபைல் திறக்கவில்லை. சேதமடைந்திருக்கிறது என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. அவள் அதை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். பெட்டி மறுபடி வந்தது.

தொழிற்சாலைகளுக்குக் கணினிவழிப் பாதுகாப்புப் பாடம் தயாரிக்கும் அலுவலகம் அது. வாயு கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அந்தப் பாடத்துக்குப் படமும் பட்டனும் கேள்வியும் அடுக்கியது அவள். குரல் கொடுத்தது அவளுடைய அக்கா. தொண்டையில் கட்டி என்று தெரிந்த பிறகும், அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம்வரை வந்து பேசிவிட்டுப் போனவள். இப்போது அக்காவுக்குக் குரல் இல்லை. இனி வராது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்கா பேசியதை நேராகப் பாடம் தயாரிக்கும் மென்பொருளுக்குள்ளேயே பதிவு செய்திருந்தார்கள். தனியாக எடுத்து வைக்கவில்லை. பாடம் இன்னும் வெளியாகவும் இல்லை.

பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டாள். தொட்டதற்கெல்லாம் பாஸ்வேர்டு போட்டுவிட்டுத் தானே மறந்துபோய் முழிப்பவர் என்பதால் அவருக்கு அங்கே 'பூட்டு' என்று பெயர்.

"எங்க சேவ் பண்ணீங்க?"

"பொது டிரைவ்ல. அங்கயே திறந்து அங்கயேதான் வேலை பார்த்தேன்."

"நேத்து நெட்வொர்க் போச்சே?"

"அப்பதான் சேவ் ஆயிட்டிருந்தது."

பூட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அசலைத் தொடாதீங்க. ஒரு காப்பி எடுத்து அதுல மட்டும் கை வைப்போம்."

மென்பொருள் தானாக எடுத்துவைக்கும் தற்காலிகக் காப்பியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. புதிய ஃபைல் ஒன்றில் பழைய பக்கங்களை இழுத்துப் பார்த்தார்கள். அதுவும் பாதியில் நின்றது. "இந்த ஃபைலே ஒரு மூட்டைதான். ஜிப்னு பேரை மாத்தி அவிழ்த்துப் பார்ப்போம்" என்றார் பூட்டு. மூட்டை அரைகுறையாக அவிழ்ந்தது. உள்ளே ஒலித்துண்டுகள் இருந்தன. அவள் ஒன்றைத் தட்டினாள். "முதலில் பதறாமல் நில்லுங்கள்" என்றாள் அக்கா. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பூட்டு வேறெங்கோ பார்த்தார்.

எல்லாம் கிடைத்தன, கடைசிப் பகுதியைத் தவிர. வால்வை மூடுவது அந்தப் பகுதியில்தான் இருந்தது.

"அதுக்கு மெஷின் குரல் போட்டுடுங்க" என்றார் மேலாளர்.

"வீட்ல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன், சார்."

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தங்கை நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அக்கா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டு, போனில் தட்டிக் காட்டினாள்: "நீ வேற இடத்துல ஒரு காப்பி வெச்சிருப்பேன்னு நெனச்சேன்."

"வெச்சிருக்கணும்க்கா."

அக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவும் வரவில்லை.

காலையில், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, கிளம்பி நின்றாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் அந்த அலுவலகப் படியேறியது அன்றுதான். பதிவறையில் தங்கையை மைக் முன் உட்காரவைத்து, எதிரில் தான் உட்கார்ந்தாள்.

"வால்வை வலப்பக்கமாகத் திருப்பி மூடுங்கள்" என்று தங்கை படித்தாள். அக்கா மேசையைத் தட்டினாள். மறுபடி படித்தாள். மறுபடியும் தட்டு. அக்கா போனை நீட்டினாள்: "பயந்து போய் நிக்கிறவனுக்குச் சொல்றே. நிதானமாச் சொல்லு."

மதியம் தாண்டித்தான் அக்கா தலையசைத்தாள். இரண்டு குரல்களையும் சேர்த்து ஓட்டினார்கள். தன் குரல் முடிந்து தங்கையின் குரல் தொடங்கிய இடத்தில் அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனாள்.

பின்னாலேயே ஓடத் தோன்றியது தங்கைக்கு. போகவில்லை. தன் கணினியிலேயே சேவ் செய்து, ஃபைலை மூடி, அதன் பிறகு தேதி போட்டு இரண்டு இடங்களில் காப்பி வைத்து, இரண்டும் திறக்கின்றனவா என்று பார்த்தாள். திறந்தன. அதற்குப் பிறகுதான் எழுந்து போனாள்.

அக்கா வராந்தா ஜன்னலோரம் முதுகு காட்டி நின்றிருந்தாள். தங்கை பக்கத்தில் போய் நின்றதும் விலகவும் இல்லை, திரும்பவும் இல்லை.