பத்தாயத்துக்குள் ஒரு டீச்சர்

என் வீட்டுக்காரர் செய்தால் வேலை, நான் செய்தால் பொழுதுபோக்கு. கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்த பிறகுதான் எனக்கு இது பளிச்சென்று விளங்கியது.

தெரிசனங்கோப்பில் எங்களுடையது பழைய வீடு. பெரிய வீடு என்று ஊரில் பெயர். ஆனால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி அறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். திருவனந்தபுரத்துக் கம்பெனி என் வீட்டுக்காரர் நாராயணபெருமாளை லேப்டாப்போடு வீட்டுக்கு அனுப்பிய அன்றே அந்த அறைக்குள் மேசை போனது, நல்ல ஃபேன் போனது, அவரும் போனார். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கிற எங்கள் மகள் ஆதிராவுக்கு அடுக்களையில் இடம். மிக்சி ஓடினால் போதும், அவளுடைய மிஸ் “ஆதிரா மியூட்! ஆதிரா மியூட்!” என்று போனுக்குள் அலறுவார். கூடம் மாமனாருக்கும் டிவிக்கும். நானும் ஒரு கணக்கு டீச்சர், எனக்கும் ஆன்லைன் வகுப்பு இருக்கிறது என்று யாருக்காவது நினைப்பு வந்ததா? வரவில்லை. நானாகப் பார்த்துப் பத்தாயத்துக்குள் குடியேறினேன்.

பத்தாயம் என்றால் நெல் கொட்டி வைக்கிற மரப்பெட்டி. எங்கள் வீட்டுப் பத்தாயம் ஒரு சின்ன அறை அளவு இருக்கும். முழுக்க அயனி மரப் பலகை. முன்பக்கம் மட்டும் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அடைப்பார்கள். அவற்றைக் கழற்றிவிட்டால் உள்ளே போய் உட்காரலாம். வியாபாரிகள் களத்துக்கே வந்து நெல்லை அள்ளிப் போக ஆரம்பித்த பிறகு அது சும்மா கிடந்தது. உள்ளே கிடந்த ஓட்டை உடைசலையெல்லாம் இழுத்து வெளியே போட்டேன். ஒரு ஸ்டூல், ஒரு மேசை, ஒரு பல்பு, என் லேப்டாப். உள்ளே உட்கார்ந்து பேசினால் குரல் கணீரென்று இருக்கும், டிவி சத்தம் அண்டாது.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஏட்டி, லெச்சுமி இருக்கப்பட்ட எடமாக்கும் அது. செருப்பு போட்டுக்கிட்டு ஏறாத. மாசத்துல அந்த மூணு நாளு அங்க போகவே பிடாது, கேட்டியா?”

“அந்த மூணு நாளும் பள்ளிக்கூடத்துல லீவு தருவாளா அத்தை?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது.”

செருப்பு விஷயத்தில் அத்தை சொன்னபடி கேட்டேன். மற்ற விஷயத்தில் அவருக்குத் தகவல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். லெச்சுமியும் பொம்பளைதானே, அவளுக்குத் தெரியாததா?

இப்படி ஒரு வழியாகச் சமாளித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடம் காலை வாரியது. முதலில் பாதிச் சம்பளம் என்றார்கள். பிறகு “நிலைமை சரியானதும் கூப்பிடறோம் டீச்சர்” என்றார்கள். கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, “பரவால்ல பிரியா, கொஞ்ச நாளு ரெஸ்ட் எடு” என்றார். ரெஸ்ட்! மூன்று வேளை சமையல், நடுவில் நாலு டீ, ஆதிராவின் ஹோம்வொர்க், ஊர்ப்பட்ட பாத்திரம். எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. இப்போது அடுக்களைக்குள் போனால், கொரோனா போன பிறகும் நான் வெளியே வரப்போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அதனால்தான் சென்னையில் ஒரு ஆன்லைன் டியூஷன் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு டெமோ வகுப்பு என்று பதில் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் இருப்பார்கள். ஒரு மேடமும் ஒரு சாரும் பார்த்து மார்க் போடுவார்கள். பாடம் கன அளவு. அமைதியான இடம் வேண்டும், பின்னால் ஆள் நடமாட்டம் கூடாது, அவர்கள் தருகிற ஸ்லைடை விட்டு விலகக் கூடாது. அந்த வேலை எனக்கு வேண்டும். எப்படியாவது வேண்டும்.

அந்த வாரம் பார்த்து கன்னிப்பூ என்கிற முதல் போகத்து அறுப்பு. வழக்கமாக நெல் எடுக்கிற வியாபாரியின் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா. லாரி வராது என்றாகிவிட்டது. மாமா நெல்லைக் களத்தில் உலர்த்திப் போட்டுவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை சாயங்காலம் பத்தாயத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

“மக்களே, நாளைக்கு நெல்லை இதுலதான் கொட்டணும். மலையில மேகம் எறங்கிக் கெடக்கு பாத்துக்கோ.”

“மாமா, நாளைக்கு எனக்குப் பரீட்சை. பிள்ளைகளுக்கில்ல, எனக்கு.”

மாமா கணபதியப்பன் அதிகம் பேசாத மனுஷன். தாடையைத் தடவிக்கொண்டார்.

“எத்தன மணிக்கு முடியும்?”

“பதினொண்ணே முக்கா.”

“அப்பம் பன்னெண்டுக்கு மேல கொண்டாறேன். மழைட்ட நான் பேசிக்கிடுகேன்.”

எதற்கும் இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரரிடம் போனேன். “ஏங்க, நாளைக்கு ஒரு மணிக்கூர் அந்த ரூமைத் தாருங்களேன்.”

“நாளைக்குக் கிளையண்ட் காலு இருக்கு பிரியா. முக்கியமானதாக்கும்.”

“எனக்கு உள்ளது முக்கியமில்லியா?”

“ஒனக்குத்தான் பத்தாயம் இருக்கே.”

அன்று ராத்திரி அவருக்குச் சட்னி இல்லாத தோசை.

வியாழக்கிழமை நல்ல சேலை கட்டி, பொட்டு வைத்து, பத்தாயத்துக்குள் உட்கார்ந்தேன். ஆறு பிள்ளைகளும் வந்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. சார் தலையை மட்டும் ஆட்டினார். முதல் ஸ்லைடில் ஒரு நீலப் பெட்டி. நீளம், அகலம், உயரம் என்று அம்புக்குறி போட்டிருந்தது. சொல்லச் சொல்ல எனக்கே அலுப்பாக இருந்தது. ஷார்ஜாவிலிருந்து வந்த பையன் ஒரு பாக்கெட் சிப்ஸைக் காலி செய்துகொண்டிருந்தான். மதுரைப் பெண் கேமராவை ஃபேனுக்குத் திருப்பி வைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டாள். இன்னொருவன் கொட்டாவி விட்டான். என் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

அப்போதுதான் இடி இடித்தது. அதன் பின்னாலேயே டிராக்டர் சத்தம்.

நிமிர்ந்து பார்த்தேன். பத்தாயத்துக்கு வெளியே மாமா நின்றார். தோளில் மழைத்துளி. அவருக்குப் பின்னால் அத்தை கையை வானத்துக்குக் காட்டிக் காட்டித் தவித்துக்கொண்டிருந்தார். மாமா ‘நீ நடத்து, நீ நடத்து’ என்று கையால் சைகை செய்துவிட்டு, டிராக்டரை மூடுவதற்குக் கிழிந்த தார்ப்பாய் ஒன்றை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கப் போனார். வருஷம் முழுக்க அந்த மனுஷன் சேற்றில் நின்றது அந்த நெல்லுக்காகத்தானே. எனக்காக அதை நனைய விடவும் துணிந்துவிட்டார். பூட்டின அறைக்குள் ஒருவர் இங்கிலீஷில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

போங்கடே என்று ஒரு வேகம் வந்தது.

“பிள்ளைகளே, படத்துல பெட்டி பாத்தது போதும். நெசப் பெட்டி பாக்கணுமா?”

“சிவப்ரியா, ஸ்லைடைத் தொடருங்க” என்றார் மேடம்.

“மேடம், வெளியே நெல்லு நனையுது. நனைஞ்சா முளைச்சிரும். ஆனா வகுப்பு நிக்காது, நான் பொறுப்பு.”

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு நாற்காலி மேல் வைத்துப் பத்தாயத்தைப் பார்க்கத் திருப்பினேன். ஸ்டூலையும் மேசையையும் எடுத்து வீசினேன், முதல் பலகையை இறக்கி அடைத்தேன். “மாமா, கொண்டாங்க!” என்று கத்தினேன். மாமா ஒரு நொடி நம்பாமல் நின்றார். பிறகு ஓடினார். ஆதிராவைக் கூப்பிட்டு அளவு டேப்பைக் கையில் கொடுத்தேன். அவள் உள்ளே ஏறி அளந்து அளந்து கத்தினாள். நீளம் இரண்டு மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர், ஒரு பலகையின் உயரம் இருபது சென்டிமீட்டர்.

“பிள்ளைகளே, இந்தப் பெரிய ஓலைக் கூடைக்கு இங்க கடவம்னு பேரு. ஒரு கடவத்துல முப்பது லிட்டர் கொள்ளும். முதல் பலகை வரைக்கும் நிறைய எத்தனை கடவம் நெல்லு வேணும்? யார் முதல்ல சொல்லுவா?”

ஷார்ஜாப் பையன் சிப்ஸைக் கீழே வைத்தான். மதுரைப் பெண்ணின் முகம் கேமராவுக்குத் திரும்பி வந்தது. பேனா கீறுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“இருபது மிஸ்!”

“இல்ல, இருநூறு!”

“சைபரை ஒழுங்கா போடு! இருபதுதான்!”

“சரி, பாத்திருவோம்” என்றேன்.

டிராக்டரில் வந்திருந்த ஆட்கள் இரண்டு பேர் கடவத்தோடு ஓடி வந்தார்கள். முதல் கடவம் கொட்டியதும் மாமா வாசலில் நின்று வழக்கம்போல ராகம் போட்டார். “லாபம்… லாபமே லாபம்…” அடுத்த கடவம் விழுந்தது. “ரெண்டு… ரெண்டே ரெண்டு…”

“மிஸ், தாத்தா ஒண்ணு சொல்ல மறந்துட்டாங்க!” என்றாள் மதுரைப் பெண்.

“மறக்கல்ல கண்ணு. நெல்லு அளக்கும்போது முதல் எண்ணை ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம், லாபம்னு சொல்லுவோம். அடுத்த கடவம் வரது வரைக்கும் எண்ணைச் சொல்லிக்கிட்டே இருக்கணும். இல்லாட்டா கணக்கு விட்டுப்போகும்.”

அவ்வளவுதான். “மூணு… மூணே மூணு…” என்று ஆறு பிள்ளைகளும் மாமாவோடு சேர்ந்து ராகம் இழுக்க ஆரம்பித்தார்கள். லேப்டாப் அதிர்ந்தது. மாமாவுக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை. குரலை இன்னும் உயர்த்தினார்.

மழை வலுத்தது. கடவம் சுமக்க ஆள் போதவில்லை. அத்தை போய் அந்த அறைக் கதவைத் தட்டு தட்டென்று தட்டினார்.

“ஏலே நாராயணா! வெளிய வா!”

“அம்மா, கிளையண்டு…”

“நெல்லு நனைஞ்சா ஒனக்க கிளையண்டா கஞ்சி ஊத்துவான்? எறங்குலே!”

மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கீழே மடித்துக் கட்டிய லுங்கி. அந்தக் கோலத்தில் என் வீட்டுக்காரர் தலையில் கடவத்தோடு கேமராவுக்குள் வந்தார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு பீறிட்டது. அதைப் பார்த்து அவர் தடுமாறி, பாதி நெல்லைத் தரையில் கொட்டினார்.

“நேரம் முடிஞ்சிடுச்சு” என்றார் சார்.

“சார், இன்னும் பலகை நிறையல சார்!” ஆறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். சார் வாயை மூடிக்கொண்டார்.

“இருபது… இருபதே இருபது!”

மாமா உள்ளே ஏறி நெல்லைக் கையால் நிரவினார். நான் லேப்டாப்பைத் தூக்கிப் பலகைக்குப் பக்கத்தில் காட்டினேன். நெல் பலகையின் விளிம்பை எட்டவில்லை. கொஞ்சம் குறைந்தது.

“மிஸ்!” ஷார்ஜாப் பையன் எழுந்தே நின்றுவிட்டான். “அந்த நீலச் சட்டை அங்கிள் பாதியைக் கீழே கொட்டிட்டாரு! நான் பார்த்தேன்! அதையும் போடணும்!”

“அட ஆமா!” என்றேன். அத்தை துடைப்பத்தோடு பாய்ந்தார். கூட்டி அள்ளின நெல்லை என் வீட்டுக்காரரே கொண்டுபோய்க் கொட்டினார். மாமா நிரவினார். நெல் சரியாகப் பலகையின் விளிம்புக்கு வந்து நின்றது.

அந்தப் பிள்ளைகள் போட்ட சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. ஒருவன் நாற்காலி மேல் ஏறிக் குதித்தான். மேடம் மட்டும் சிரிக்காமல், “முடிவைப் பிறகு சொல்றோம்” என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

மிச்ச நெல்லும் நனையாமல் உள்ளே வந்து, பத்தாயம் மேல் பலகை வரை நிறைந்தது. நான் அடுக்களையில் போய் உட்கார்ந்து அழுதேன். நெல் பிழைத்தது, வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அத்தை ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இந்த வீட்டுக்கு வந்து அவர் எனக்குப் போட்ட முதல் டீ அது.

டீ ஆறுவதற்குள் போன் அடித்தது. மேடம்.

“சிவப்ரியா, உங்க மேல எனக்கு இன்னும் கோபம் போகல. ஸ்லைடுல பாதிகூட நீங்க முடிக்கல.”

“ஆமா மேடம்.”

“ஆனா டெமோவுல ஒரு பிள்ளைகூட கடைசி வரைக்கும் கேமராவை அணைக்காம இருந்ததை நான் இன்னைக்குத்தான் பார்க்கறேன். அந்த ஷார்ஜாப் பையனோட அம்மா இப்பவே போன் பண்ணி, அந்த மிஸ்ஸோட அடுத்த வகுப்பு எப்பன்னு கேக்கறாங்க. திங்கட்கிழமை சேர முடியுமா?”

“முடியும் மேடம்! முடியும்!”

நான் போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடி வந்தார்கள். ஆதிரா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

“ஜெயிச்சியா மக்களே?” என்றார் மாமா.

“ஜெயிச்சாச்சு மாமா!”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மழை நல்லாப் பெய்யுது என்றார்.

அத்தை தாணம்மாள்தான் முதலில் யோசித்தது. “ஏட்டி, பத்தாயம் நெறஞ்சு போச்சே. பொறவு திங்கக்கிழம நீ எங்க இருந்து படிப்பிப்ப?”

எல்லோரும் மெல்லத் திரும்பி, அந்த ஒரு கதவைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் பார்த்தார்.

“அம்மா, எனக்கு மீட்டிங் உண்டும்லா…” என்று இழுத்தார்.

“கூடத்துல அப்பாக்கப் பக்கத்துல இருந்து பேசு. டிவி சத்தத்தைக் கொறைக்கச் சொல்லுகேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் இரங்கவில்லை. சிரித்துவிட்டு, அவரே மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

திங்கட்கிழமை காலை அந்த அறைக்குள் போனேன். என் மேசை, என் லேப்டாப், நல்ல ஃபேன். வெளியே அடுக்களையிலிருந்து “பிரியா, டீத்தூள் எங்க இருக்கு?” என்று அவர் கேட்டார். தேடிப் பாருங்கள் என்றேன். கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டேன்.