கிணற்றுக்குள் இருந்த வாயு

எழுபத்தாறில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை சரியாகப் பெய்யவில்லை. அடுத்த கோடையில் எலப்புள்ளிக்குக் கிழக்கே இருந்த காளிச்சாமியின் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. மேலே இருந்த சீமெண்ணெய் எஞ்சினால் இழுக்க முடியவில்லை. அக்கம்பக்கத்தார் செய்தது போல அவனும் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி, பாதி ஆழத்துப் பாறைத் திட்டில் உட்கார வைத்தான்.

அவன் மனைவி ராசம்மாள் சித்தூரில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். "எஞ்சின் நின்ன ஒடனே எறங்கீராதீங்க. பொகை அங்கியேதான் நிக்கும்" என்று அவனிடம் சொல்லியிருந்தாள். அவனும் தலையாட்டியிருந்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது தோப்பில் ஆட்கள் கூடியிருந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் காளிச்சாமி கிடந்தான். உள்ளே இறங்கி அவனைத் தூக்கிவந்த தோட்டத்து ஆள் பழனிச்சாமி இடுப்புக் கயிற்றைக் கூட அவிழ்க்காமல், தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"எஞ்சின் தானா நின்னுபோச்சுங்க அம்மிணி. அரிக்கேனைக் கட்டி உள்ள உட்டுப் பாத்தமுங்க. வெளக்கு நல்லாத்தானுங்க எரிஞ்சுது. அதப் பாத்துட்டுத்தான் எறங்கினாரு. திட்டுல குனிஞ்சவரு அப்படியே சாஞ்சுட்டாருங்க."

விளக்கு எரியத்தான் செய்யும். கரியமில வாயு மண்டியிருந்தால் அணைந்திருக்கும். எஞ்சின் கக்கிய கார்பன் மோனாக்சைடுக்கு விளக்கை அணைக்கத் தெரியாது.

மாமியார் ராமாத்தாள் மகன் தலைமாட்டில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள். "மொகத்தப் பாரு கண்ணு. எப்படிச் செவந்திருக்குது. ரத்தம் நல்லா ஓடுது. ஒண்ணும் ஆகாது" என்றாள்.

ராசம்மாள் பார்த்தாள். வெயிலில் கறுத்த அந்த முகத்தில், உதட்டிலும் கன்னத்திலும் என்றுமில்லாத சிவப்பு. சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் தெம்பு கொடுத்த அந்த நிறம் எதனால் வந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்த வாரம்தான் வகுப்பில் கார்பன் மோனாக்சைடைப் பலகையில் எழுதிக் காட்டியிருந்தாள். ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், நடுவே மூன்று பிணைப்புகள். அத்தனை இறுக்கமாகப் பிணைந்த பிறகும் கார்பன் பக்கம் ஒரு ஜோடி எலக்ட்ரான் மிச்சம் இருக்கும். அதைக் கொண்டு ரத்தத்தில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியான பிடி. ரத்தம் சிவந்து ஓடும், ஆனால் மூச்சைச் சுமக்காது.

"ஜீப்பு கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

பாலக்காட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவன் தலையை மடியில் வைத்து, ஜீப்பின் படுதாவைத் தூக்கிப் பிடித்திருந்தாள். உறுதியான பிடிதான், ஆனால் விடாத பிடியில்லை. ஆக்சிஜன் நிறைய வந்து முட்டினால் அந்த வாயு இடத்தைக் காலி செய்துவிடும். வெறுங்காற்றில் பாதி போகவே நாலைந்து மணி நேரம் ஆகும். சுத்தமான ஆக்சிஜனில் சீக்கிரம் போகும். சாமி பெயர் எதுவும் அவள் வாயில் வரவில்லை. விடு, விடு என்றுதான் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரியில் சிலிண்டர் இருந்தது. முகமூடி வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் காளிச்சாமி கண் திறந்து, "தலை வலிக்குது ராசு" என்றான். ராசம்மாள் வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். படித்தது ஒன்று கண்ணெதிரே உண்மையானதை அன்றுதான் பார்த்தாள்.

வீடு திரும்பியதும் தோட்டத்தைச் சுற்றிவந்தான், தேங்காய் வியாபாரியோடு தர்க்கம் பண்ணினான், பழனிச்சாமிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தான். ராமாத்தாள் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். மூன்று வாரம் வீடு வீடாக இருந்தது.

பிறகு ஒரு காலையில் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"ஏனுங்க, போட்டுக்கறதுதானுங்க?"

"இத எப்படி?" என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்தாள். அந்த வாரத்துக்குள் பேச்சு குறைந்தது, நடை தேய்ந்தது. வாய்க்காலோரம் நின்றபடியே வேட்டியை நனைத்துக்கொண்டான். நனைந்தது அவனுக்குத் தெரியவில்லை. கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் கண்ணைப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார், நிறையக் கேட்டார்.

"விஷப்புகையில சிலருக்கு இப்படி வரும்மா. முதல்ல தெளிஞ்சுடுவாங்க. அப்புறம் மூளைக்குள்ள நரம்பு மேல இருக்கிற உறை கெட ஆரம்பிக்கும். சிலர் தேறுறாங்க. இவருக்கு என்னால சொல்ல முடியல."

"அந்த வாயு அன்னிக்கே போயிருச்சுங்களே" என்றாள் ராசம்மாள்.

"போயிருக்கும்" என்றார் அவர்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனாள். வைரமும் பென்சில் கரியும். இரண்டும் ஒரே கார்பன், அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. வைரத்தில் ஒவ்வொரு அணுவும் நாலு பக்கமும் பிணைந்திருக்கும். பென்சில் கரி தட்டுத் தட்டாக இருக்கும்; தட்டுகளுக்கு நடுவே பலமில்லாததால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். பலகையில் தட்டுகளை வரைந்துகொண்டிருந்தவளுக்கு, கிணற்றைச் சுற்றி இன்னும் வேலி போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அவன் கிணற்றுப் பக்கம் போயிருக்கவில்லை. உட்காரவைத்த இடத்திலேயே இருந்தான். அந்த மழைக்காலம் தொடங்குவதற்குள் எழுந்து நிற்கவும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. ராமாத்தாளால் தனியாகத் தூக்க முடியவில்லை. ராசம்மாள் வேலையை விட்டாள்.

அந்த வருஷம் மழை குறைவில்லாமல் பெய்தது, கிணறும் ஏறியது. ஒரு நாள் மகனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த ராமாத்தாள், கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, மருமகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ படிச்சவ. சொல்லு. என்ற மகன் ஒடம்புல அந்தப் பொகை இன்னும் இருக்குதா?"

"இல்லீங்க அத்தை. எல்லாம் போயிருச்சுங்க."

"பின்ன ஏன் இப்படி இருக்கறான்?"

ராசம்மாள் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அவன் வாயைத் திறக்கவில்லை. கரண்டியை உதட்டருகே பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.