மூன்றாம் சன்னல் சுண்ணாம்பு

எங்கள் ஊர் சந்தியாகப்பர் கோவில் சுவரைச் சுரண்டினால் வேண்டுதல்கள் உதிரும். இருநூற்றுப் பத்து வருடத்துச் சுண்ணாம்பு. பக்கத்தில் நின்று யார் எதை வேண்டினாலும் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சில்லைப் பெயர்த்துக் காதில் வைத்தால் வேண்டியவரின் குரலிலேயே கேட்கும். இதில் விளக்குவதற்கு ஒன்றுமில்லை, சுண்ணாம்பு என்றால் அப்படித்தான்.

கெடுத்தது பெயிண்ட். பதினைந்து வருடத்துக்கு முன் பங்குப் பேரவை கூடி, உள்ளே முழுக்க ரோஸ் நிறத்தில் எமல்ஷன் அடித்தார்கள். கோவிலா ஐஸ்கிரீம் கடையா என்று அன்றைக்கே கேட்டேன். என் வாய் கொஞ்சம் நீளம் என்பதால் நான் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அப்புறம் ஒரு வேண்டுதலும் சுவரில் ஒட்டவில்லை. வழுக்கித் தரையில் விழுந்தவற்றைக் கோவில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை தினமும் கூட்டி அள்ளினார். வரன்கள் தட்டிப்போயின, மீன்பாடு குறைந்தது. ஜனங்கள் சாமியார்தான் சரியில்லை என்று மூன்று பங்குச்சாமிகளை மாற்றினார்கள். நாலாவதாக வந்தவர் சுவரில் நகத்தை வைத்துக் கீறிப் பார்த்தார். எல்லாவற்றையும் உரித்துவிட்டு, பழையபடி கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்த சுண்ணாம்பே பூசுவது என்று முடிவானது.

வேலைக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து அழகர் மேஸ்திரி வந்தார். அவர் முறையைச் சொன்னார். உதிர்கிற சில்லு வேண்டியவர் கைக்குப் போக வேண்டும். அவர் அதைப் புதுச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டால் வேண்டுதல் மறுபடி சுவருக்குள் போய்விடும். போடாவிட்டால் புதுப் பூச்சு காய்ந்ததும் வேண்டிக் கிடைத்தது கைவிட்டுப் போகும். கொறைரா வாத்தியார் தன்னுடையதைச் சட்டைப் பையிலேயே மறந்துவிட்டார். அறுபத்தெட்டு வயதில் மறுபடி பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுத வேண்டியதாயிற்று. பாஸ்தான், ஆனால் இளைத்துப் போனார்.

எந்தச் சில்லு யாருடையது என்று பிரிக்க ஊரில் எல்லாருடைய குரலும் தெரிந்த ஆள் வேண்டும். பங்குச்சாமி என் அண்ணன் எஸ்தாக்கியை நியமித்தார். அண்ணன் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன், காது கூர்மை. அதோடு அவன் ஊரைவிட்டு எங்கும் போக மாட்டான். போக முடியாது. முப்பத்திரண்டு வருடமாக அவன் ஏறுகிற பஸ் உப்பள வளைவு வரை போய்விட்டுத் திரும்பி ஊருக்கே வந்துவிடுகிறது. ஆரம்பத்தில் டிரைவர்கள் சத்தம் போட்டார்கள். பிறகு அவன் கை காட்டினால் நிறுத்துவதில்லை, மற்றவர்களாவது ஊர் போய்ச் சேர வேண்டுமே.

அது என் வேலை என்று அவனுக்குத் தெரியாது.

அப்பா கடலுக்குப் போனவர் வரவில்லை. மறு வருடம் அம்மாவும் போய்விட்டாள். எனக்குப் பத்தொன்பது வயது, அவனுக்கு இருபத்து நான்கு. அவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்து, வெள்ளைச் சட்டை தைத்து வந்து கண்ணாடி முன் நின்றான். நான் நேரே கோவிலுக்குப் போய், மூன்றாம் சன்னல் பக்கம் சுவரில் வாயை வைத்து, அவன் போகக் கூடாது என்று கேட்டேன். மறுநாள் அவன் ஏறிய பஸ் திரும்பி வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சாரம் பீடத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சன்னலாக நகர்ந்தது. அண்ணன் கொடிமரத்தடியில் சொளகை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சில்லாகக் காதில் வைத்துப் பார்த்து வீடு வீடாகப் பிரித்தான். கேட்டதை ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் சன்னல் முடிகிற அன்று நான் மேஸ்திரியிடம் போய், மூன்றாம் சன்னலுக்குக் கீழே மூன்று சாண் இடத்தை மட்டும் விட்டுவிடும்படி கேட்டேன். அங்கேதான் உப்பு அதிகமாக ஏறியிருக்கிறது, விட்டால் கோவிலையே தின்றுவிடும் என்றார். பங்குச்சாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொறுமையாகக் கேட்டார், மன்னிப்பும் தந்தார். பாவம் போய்விடும் பிலோமி, சுண்ணாம்பை மேஸ்திரிதான் எடுக்க வேண்டும் என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுக்கு வந்தான். திருகாணி போட்டு வைக்கிற டப்பாவைத் திறந்து ஒரு சில்லை என் முன்னால் வைத்தான். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும்.

"ஏட்டி, இது உன் குரல்."

நான் தட்டை எடுத்துச் சோறு போட்டேன்.

"உன் குரல் அப்போ இவ்வளவு சன்னமா இருந்ததை நான் மறந்தே போயிட்டேன்," என்றான். டப்பாவை மூடிக்கொண்டே, "ஒரு வார்த்தை எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்லா," என்றான்.

"சொன்னா இருந்திருப்பியா?"

அவன் யோசித்துத்தான் பதில் சொன்னான். "போயிருப்பேன்."

போட்டு வைத்திருந்த சோற்றைச் சாப்பிட்டான், ரசம் கேட்டு வாங்கினான். தொட்டியில் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டி ஆறியிருப்பேன்.

சனிக்கிழமை மூன்றாம் சன்னலுக்குச் சுண்ணாம்பு குழைத்தார்கள். தொட்டியருகே நின்று சில்லைக் காதில் வைத்தேன். அண்ணன் கப்பலுக்குப் போகக் கூடாது என்றாள் அந்தப் பெண். பிறகு, எனக்கு யாருமில்லை என்றாள். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னதே எனக்கு ஞாபகமில்லை. அவள்மேல் இரக்கமாக இருந்தது. அதே சமயம் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றும் இருந்தது. சுண்ணாம்பு இறுகிவிடும் அம்மா, போடுவதென்றால் போடுங்கள் என்றார் மேஸ்திரி. சில்லை முந்தானையில் முடிந்துகொண்டு, பூசுங்கள் என்றேன்.

பூச்சு காய நாலு நாள் ஆயிற்று. பாலாடை நிறத்தில் கோவில் அவ்வளவு அழகாக இருந்தது. பீடத்துக்குப் பொன்வர்ணம் தீட்டி, சந்தியாகப்பரின் குதிரைக்குப் புதுக் கண் வைத்திருந்தார்கள். புதன்கிழமை ஆயர் வந்து மந்திரித்தார். பூசை முடிந்து வெளியே வந்தபோது கொடிமரத்துக்குப் பக்கத்து மணலில் கப்பல் நின்றது. ஆயரின் கார் போக வழியில்லாமல் அலங்கார வளைவைக் கொஞ்சம் தள்ளி நட்டார்கள்.

கப்பல்காரர் ஏணியிலிருந்து இறங்கி, ஏன் இவ்வளவு தாமதம் என்று அண்ணனிடம் கேட்டார். பஸ் திரும்பிவிட்டது என்றான் அண்ணன். அவர் தலையாட்டிக்கொண்டார். அண்ணன் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு வந்தான், பொத்தான் மட்டும் வயிற்றில் பூட்டவில்லை. நான் மாசிக் கருவாடும் கருப்பட்டியும் கட்டிக்கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு, உன் கையெழுத்து எனக்குப் புரியாது, ஆனாலும் போடு என்றேன். அவன் என் தலையில் கை வைத்துவிட்டு ஏறினான். கப்பல் உப்பளச் சாலையில் மெதுவாகப் போனது. வளைவில் நின்றது. திரும்பிவிடுமோ என்று எனக்கு ஆசை வந்தது, மறைப்பானேன். ஒரு ஹாரன் அடித்துவிட்டு நேரே போய்விட்டது.

சாயங்காலம் மூன்றாம் சன்னல் பக்கம் போய் நின்றேன். எதுவும் கேட்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போயிருந்தேன். ஆனால் சுவர் என்னிடம் கேட்டது. புதுச் சுவர், அந்த மூன்று சாணுக்குள் இன்னும் ஒருவர் குரலும் இல்லை. போகாதே, எனக்கு யாருமில்லை என்றது. சன்னமான குரல்.

சரி என்றேன்.

மறுநாள் தூத்துக்குடிக்கு ஜவுளி எடுக்கப் பஸ் ஏறினேன். உப்பள வளைவில் டிரைவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை.